அவர் காதில் தபலா

மேடையில் பாடகி பாடும்போது கூட்டம் அவர் முகத்தைப் பார்க்கும். நான் அவருடைய வலது கையைப் பார்ப்பேன். என் பிழைப்பு அது. புனேயில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளில், மேடையோரத் திரைக்குப் பின்னால், ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் முன் உட்கார்ந்திருக்கும் மானிட்டர் இன்ஜினியர் நான். கூட்டத்துக்குக் கேட்கும் ஒலியை மண்டபத்தின் நடுவே இருந்து இன்னொருவர் கவனிக்கிறார். பாடுபவரும் வாசிப்பவர்களும் காதில் செருகியிருக்கும் இயர்போனில் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் என் பொறுப்பு. சொந்தக்காரர்கள் இன்றும் என்னை "மைக் செட் வச்சிருக்கான்" என்றே அறிமுகம் செய்கிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

பாட்டின் நடுவே வாய்விட்டு எதுவும் கேட்க முடியாது. அதனால் எல்லாம் சைகைதான். வாய்க்கருகே விரலைக் கொண்டுபோய் உயர்த்தினால், என் குரலைக் கூட்டு. தொடையில் தட்டிவிட்டு உயர்த்தினால் தபலா. காற்றில் வில் இழுத்தால் வயலின்.

நான் சொல்லும் பாடகி அறுபதை நெருங்குபவர், மராத்திப் பாடல்களுக்குப் பேர் போனவர். அவரைத் தாயி என்று கூப்பிடுவேன். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். பல வருடங்களாக அவர் காதுக்கு நான்தான் பொறுப்பு. சில காலமாக, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அவர் விரல் வாய்க்கருகே போய்ப் போய் உயர்ந்துகொண்டிருந்தது.

புனேயின் மகர்பட்டாவில் ஒரு நிகழ்ச்சிக்கு முன்னால் ஹார்மோனியக்காரர் பின்னாலிருந்து ஏதோ கேட்டார். தாயி திரும்பவில்லை. அவர் முன்னால் வந்து மறுபடி கேட்டபோது, தாயி அவருடைய உதடுகளையே பார்த்தார். அந்தப் பார்வை எங்கள் வீட்டில் உண்டு. புனே பக்கம் நிக்டியில் குடியிருக்கும் என் அப்பா, வேலைக்காலம் முழுக்க இரும்பை அடித்து வளைக்கும் தொழிற்சாலையில் கழித்தவர். அந்த இயந்திரங்கள் அவர் காதைத் தின்றுவிட்டன. அம்மா அடிக்கடி சொல்வாள்: "உங்கப்பா என் வாயத்தான் பாக்காவ. மொகத்தப் பாத்து வருசமாச்சு."

தாயி கேட்டபடி சத்தத்தைக் கூட்டினால், மிச்சமிருக்கும் காதும் போய்விடும். வெளியே சொன்னால் பாட்டு போய்விடும். பாட்டு இல்லாமல் அவர் என்ன ஆவார் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒருவர் தன் குரலைக் கூட்டச் சொன்னால், மற்றவற்றைக் குறைத்துவிடுவது. மொத்தச் சத்தம் ஏறாமலே குரல் முன்னால் வந்து நிற்கும். அதைத்தான் செய்தேன். முதலில் வயலினைக் குறைத்தேன். பிறகு ஹார்மோனியத்தை. ஒவ்வொரு தடவையும் தாயி லேசாகத் தலையசைப்பார். கடைசியில் தபலாவிலும் கை வைத்தேன்.

ஒரு நாள் ஏரவாடா பக்கம் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி. அவர் காதில் அவருடைய குரலும் தம்புராவும் மட்டும்தான் மிச்சம். மூன்றாவது பாட்டில் தாளம் வந்து விழும் இடத்தைத் தாயி தவறவிட்டார். தபலாக்காரர் சட்டென்று ஒரு சுற்று கூடுதலாக வாசித்துச் சமாளித்தார். கூட்டத்துக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

இடைவேளையில் தாயி நேராகத் திரைக்குப் பின்னால் வந்து, என் எதிரே ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தார். நாங்கள் பேசுவது இந்தியும் மராத்தியும் கலந்த பேச்சு. எனக்கு அது தமிழாகத்தான் நினைவிருக்கிறது.

"தபலாவ எங்க அனுப்பிட்ட?"

நான் குனிந்து மிக்ஸரின் ஒயரைச் சரிசெய்தேன்.

"மொதல்ல வயலின அனுப்பின. அப்புறம் ஹார்மோனியம். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"சத்தத்தக் கூட்டினா இருக்கறதும் போயிடும் தாயி. டாக்டரப் பாருங்க."

"பாத்தாச்சு. இயர்போன வச்சுப் பாடறத நிறுத்தச் சொல்லிட்டார். அது இல்லாம என்னால பாட முடியாது. அதனால இன்னிக்கோட சரி." என் மிக்ஸரைக் காட்டினார். "நீ என்னக் காப்பாத்தப் பாத்த, புரியுது. ஆனா இத்தன நாளா நான் தனியாப் பாடிட்டிருந்தேன்டா. மிச்சப் பாட்டுக்காவது எல்லாரையும் கூட்டிட்டு வா."

இடைவேளை முடிந்ததும் எல்லாவற்றையும் பழைய அளவுக்கே கொண்டுவந்தேன். அது போதவில்லை. தாயி காற்றில் வில் இழுத்து விரலை உயர்த்தினார். வயலினைக் கூட்டினேன். ஹார்மோனியக்காரரைக் காட்டி உயர்த்தினார். கூட்டினேன். அவர் கேட்பதையே நானும் இயர்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் எனக்கு வலித்தது. அவருக்கு என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அழுகை வந்தது, அடக்கவில்லை. திரைக்குப் பின்னால் என்னை யார் பார்க்கப்போகிறார்கள்.

கடைசிப் பாட்டில் தாயி கண்ணை மூடிச் சிரித்தபடி பாடினார். தன் குரலுக்காக ஒரு தடவைகூட விரல் வாய்ப்பக்கம் போகவில்லை. பாட்டு முடியும் தறுவாயில் கண்ணைத் திறந்து, நான் இருக்கும் திசையைப் பார்த்து, தொடையில் தட்டிவிட்டு விரலை உயர்த்தினார்.

கூட்டினேன்.