சௌந்தரவல்லி டீச்சர் எடுத்துக் கொடுத்த பாட்டு

மாமல்லபுரத்தில் நலங்கு, சீமந்தம் என்றால் முதலில் சௌந்தரவல்லியிடம் சொல்லிவிட்டுத்தான் மைக்செட்காரரிடம் போவார்கள். அவர் வருகிறார் என்று உறுதியானதும் மைக்செட்டே வேண்டாம் என்று சொன்ன வீடுகளும் உண்டு. அப்படி ஒரு குரல். கூடத்தில் உட்கார்ந்து பாடினால் தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். செங்கல்பட்டில் பிறந்து, அப்பாவிடமே பாட்டுக் கற்று, இருபது வயதில் தேசிகனைக் கல்யாணம் செய்துகொண்டு கடற்கரைக்கு வந்தவர். தேசிகனுக்குக் கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம். வீட்டுக்குப் பிரசாதம் வரும். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வராது.

அதனால்தான் அவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். மாமல்லபுரத்துக்கும் அணுபுரத்துக்கும் நடுவே, சவுக்குத் தோப்பை வெட்டிய இடத்தில் எழுப்பிய தனியார் தொடக்கப் பள்ளி அது. என் அம்மா சாராள் அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர். நானும் அதே மூன்றாம் வகுப்பில்தான் இருந்தேன். பாட்டு டீச்சர் வேலை தற்காலிகம். "ஆண்டு விழா நல்லபடியா முடியட்டும் டீச்சர், ஏப்ரல்ல ஆர்டர் குடுத்துடலாம்னு மேனேஜ்மென்ட்ல சொல்லிட்டாங்க" என்று தலைமையாசிரியை அமிர்தவல்லி சொல்லியிருந்தார். தொண்ணூற்றெட்டாம் வருடம் முழுக்க சௌந்தரவல்லி டீச்சர் அந்த ஏப்ரலை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தார்.

பாட்டு வகுப்புக்குத் தனி அறை கிடையாது. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகை. மதிலுக்கு அந்தப் பக்கம் சிலை செய்யும் பட்டறை. உளிச் சத்தம் மட்டும் இருந்தவரை பரவாயில்லை. கல் அறுக்கும் மெஷின் வந்தபிறகு எங்கள் காதே எங்களுக்குக் கேட்காது. டீச்சர் அதையும் மீறிப் பாடுவார். ஒரு வரி அவர் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதை அப்படியே நாங்கள் திருப்பிப் பாட வேண்டும். அதுதான் முறை. அப்படியே என்றால் அப்படியே. ஒருநாள் பாட்டின் நடுவில் அவர் அதே சுருதியில், "டேய் கிரிஷ், கீழே உட்காருடா" என்றார். நாற்பது பேரும் அதே ராகத்தில், "டேய் கிரிஷ், கீழே உட்காருடா" என்று திருப்பிப் பாடினோம். டீச்சர் ஆர்மோனியத்தின்மேல் கவிழ்ந்து சிரித்தார். கிரிஷ் மட்டும் சிரிக்கவில்லை.

தீபாவளிக்குப் பிறகு அந்தக் குரல் கம்ம ஆரம்பித்தது. முதலில் மழைச்சளி என்றார். பிறகு கல்தூசி என்றார். "இன்னா டீச்சரு, தொண்ட இப்டி கட்டிக்கினு கீது? பனங்கல்கண்ட வாய்ல போட்டு ஒதுக்கிக்க" என்று ஆயா காசியம்மாள் தினமும் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். கல்கண்டு கரைந்தது, குரல் கரகரத்தது. மேலே போகும்போது ஓரிடத்தில் குரல் அறுந்து வெறும் காற்றாகி, கீழே இறங்கும்போது மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

செங்கல்பட்டில் ஒரு தொண்டை டாக்டர். துணைக்கு என் அம்மா போயிருந்தாள். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "மண்வெட்டி பிடிக்கிறவன் உள்ளங்கையில காய்க்குமே, அந்த மாதிரி உங்க குரல்நாண்ல காய்ச்சிருக்கு. மூணு மாசம் வாயத் திறக்கக் கூடாது" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சாராள், ஸ்கூல்ல மூச்சு விட்டுடாதீங்கோ. பாட்டு டீச்சருக்குத் தொண்டை இல்லேன்னா அப்பறம் ஆர்டர் ஏது?"

அம்மா மூச்சு விடவில்லை.

இத்தனை வருடம் கழித்து, நான் குடியிருக்கும் ஊரில் என் மகள் பள்ளிவிட்டுத் தொண்டை கட்டி வந்தால் நான் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்துவிடுகிறேன். சும்மா கத்தியிருப்பாள் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டில் குரலைச் செலவழிக்காமல் வகுப்புக்கு மட்டும் மிச்சம் பிடிப்பது. வீட்டில் எல்லாம் ரகசியக் குரலில்தான். காய்கறிக்காரியிடம் கிசுகிசு, பக்கத்து வீட்டில் கிசுகிசு. புதுப்பாட்டைக்கூட ராத்திரி சமையலறையில் காற்றாலேயே பாடிப் பார்ப்பார். தேசிகன் கேலி செய்தார். "ஏண்டி, நம்மாத்துல யாராவது திருடிண்டு வந்து ஒளிச்சு வெச்சிருக்கோமா? பாக்கறவா அப்படித்தான் நெனச்சுப்பா." "பேசப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே" என்று அதற்கும் கிசுகிசுவென்றே பதில். அது பேச்சில் சேராது என்று அவர் நிஜமாகவே நம்பினார். தொண்டையைக் காப்பாற்றப் பாடகர்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே அதுதான் வழக்கமாம்.

புதுப்பாட்டு ஆண்டு விழாவுக்காக அவரே கட்டியது. "அலையே அலையே மேலே வா" என்று தொடங்கும். 'மேலே' என்ற இடத்தில் பாட்டு மேல் ஷட்ஜத்துக்கு ஏறி நின்று இறங்கும். சரியாக அங்கேதான் அவர் குரல் அறுந்தது. "மே" வராது; ஒரு காற்று வரும்; "லே" கரகரப்பாக வந்து இறங்கும். ஆர்மோனியம் அந்த இடத்தை நிரப்பிவிடும். பட்டறை மெஷின் மிச்சத்தை மூடிவிடும். அவர் மனசுக்குள் அந்த ஸ்வரம் முழுசாகவே கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் எங்கள் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்குக் கேட்கவில்லை. எங்களுக்குக் கரும்பலகையில் எழுதியிருந்த வார்த்தை தெரியும். ஆனால் பாட்டு அப்படித்தான் என்று நினைத்தோம்.

ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் மறுபடி டாக்டர். "கிசுகிசுன்னு பேசினீங்களா? அது பேசறதவிட மோசம்மா. காய்ச்ச இடத்த காய்ச்ச இடத்தோட வெச்சுத் தேச்சிருக்கீங்க" என்று கோபித்துக்கொண்டார். "இனிமே ஒரு வார்த்தை பாடினா மொத்தமாப் போயிடும்." அதனால் விழா மேடையில் பாடுவதில்லை, ஆர்மோனியம் மட்டும் வாசிப்பது, குழந்தைகள் பார்த்துக்கொள்ளும் என்று டீச்சர் முடிவு செய்தார். நாங்கள் நன்றாகத் தயாராகியிருந்தோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மாசிமாதச் சாயங்காலம். பட்டறை விடுமுறை. அணுபுரத்திலிருந்து பெற்றோர்கள் வேன் வேனாக வந்திருந்தார்கள். நாங்கள் நீலக் காகிதத்தில் அலை வெட்டித் தலையில் கட்டியிருந்தோம். மைக் எல்லாம் எங்கள் முன்னால். மேடை ஓரத்தில் டீச்சர், ஆர்மோனியத்துக்கு மைக் கிடையாது. கையை உயர்த்தினார். தொடங்கினோம்.

"அலையே அலையே—" நாற்பது வாயிலிருந்தும் ஒன்றாக ஒரு காற்று. பிறகு கரகரவென்று, "—லே வா."

மைக்செட் முனிசாமி பதறிப்போய் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். பாட்டின் நடுவரிகள் நன்றாகவே போயின. பல்லவி திரும்ப வந்தது. மறுபடி அதே இடத்தில் காற்று. முனிசாமி மேடையேறி மைக்கைத் தட்டினார். டொக் டொக் என்று கூட்டம் முழுக்கக் கேட்டது. மூன்றாம் முறையும் காற்று வந்தபோது அவருக்குத் தாங்கவில்லை.

"மைக்கு நல்லாத்தாங்க கீது! புள்ளைங்கதான் அந்த எடத்துல நிறுத்துதுங்க! இன்னான்னு கேளுங்க!"

கூட்டம் சிரித்தது. நாங்களும் எதற்கென்று தெரியாமல் சிரித்தோம். அமிர்தவல்லி சிரிக்கவில்லை. முதல் வரிசையிலிருந்து மெல்லத் திரும்பி மேடை ஓரத்தைப் பார்த்தார். டீச்சர் வாசிப்பதை நிறுத்தியிருந்தார். எங்களை முதன்முறையாகக் கேட்பவர்போல வாயைக் கொஞ்சம் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் தலைமையாசிரியை அறையில் என் அம்மாவும் இருந்தாள்.

"அந்த ஒரு வரிய மட்டும் பாடிக் காட்டுங்க டீச்சர்."

டாக்டர் சொன்னதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். டீச்சர் பாடினார். காற்றுதான் வந்தது. அமிர்தவல்லி மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா வெச்சுண்டிருப்பேளா?"

அமிர்தவல்லி, மாத முடிவு வரை வரலாம் என்று மட்டும் சொன்னார். அடுத்த ஜூனில் கீபோர்டோடு ஒரு மாஸ்டர் வந்தார்.

சௌந்தரவல்லி டீச்சர் பிறகு வேறு பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மடைப்பள்ளிப் புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் செய்து கொடுத்தார், அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்தார். இரண்டாயிரத்து மூன்றிலோ நான்கிலோ சென்னையில் ஆபரேஷன் நடந்தது. பேச்சு வந்தது. பாட்டு வரவில்லை. கல்யாண வீடுகளுக்குக் கூப்பிட்டால் போய், பின்வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார் என்று அம்மா போனில் சொல்வாள். சொல்லிவிட்டு, கடைசியில் எப்போதும் அந்த மாத முடிவுக்குத்தான் வருவாள்.

கடைசி வாரம் டீச்சர் அம்மாவிடம் வந்து, "நான் போறதுக்குள்ள குழந்தைகள் வாயிலேர்ந்து அதை எடுத்துடணும் சாராள்" என்றிருக்கிறார். கொட்டகையில் எங்களை உட்காரவைத்து, ஆர்மோனியத்தில் அந்த மேல் ஷட்ஜத்தை மட்டும் அழுத்திக் காட்டினார். நாங்கள் அது முடியும்வரை பொறுத்திருந்து, காற்றை விட்டு, "லே" என்று இறங்கினோம். மறுபடி அழுத்தினார். மறுபடி காற்று.

அப்போதுதான் அம்மாவை வரச்சொன்னார். "ஐயோ, நான் சர்ச்சுல கும்பலோட பாடறவ டீச்சர். உங்க முன்னாடி என்னத்தப் பாட?" என்று அம்மா கூச்சப்பட்டாள். டீச்சர் சுருதியைப் பிடித்துக்கொண்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். "அலையே அலையே மேலே வா." சாதாரணக் குரல்தான். ஆனால் 'மே' முழுசாக வந்தது. நாங்கள் திருப்பிப் பாடினோம். பாதிப் பேர் பிடித்துக்கொண்டோம். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் பேர்.

கடைசியில் மானசா ஒருத்தி மட்டும் பழையபடியே விட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் எழுந்துபோய் அவள் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்து இன்னொரு தடவை என்று சைகை காட்டினார். அம்மா பாடினாள். இன்னொரு தடவை. பட்டறை மெஷின் இரைந்துகொண்டிருந்தது. மானசாவும் அந்த இடத்தைப் பிடித்தாள்.

டீச்சர் போதும் என்று தலையை அசைத்தார். பிறகு எங்களை எழுப்பி, வரிசையாக வகுப்புக்கு அனுப்பினார்.