நீல வயரின் முனை

என் கணவர் கப்பல் வேலைக்குக் கிளம்பியபோது நான் ஐந்து மாதக் கர்ப்பம். மகள் பிறந்து மூன்று மாதமாகியும் அவர் அவளைப் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் கப்பல் சிங்கப்பூரில் நின்றது. கரையில் இறங்கி நெட் சென்டரில் உட்கார அவருக்கு ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. அதை விட்டால் அடுத்து எப்போது என்று அவருக்கே தெரியாது.

திருவொற்றியூரில் அப்பா வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. கேபிள்காரர் மொட்டை மாடிகள் வழியாக இழுத்து வந்த நீல நெட் வயர் அதன் முதுகில் செருகியிருந்தது. மகளை மடியில் வைத்து வெப்கேமரா முன் உட்கார்ந்தேன். படம் வந்தது. வந்தது என்றால், அவருடைய நெற்றி மட்டும். மீதியெல்லாம் சாம்பல் கட்டங்கள்.

"ஒண்ணுமே தெரியல..." என்று அவர் குரல் விட்டுவிட்டு வந்தது. பிறகு அதுவும் நின்றது.

திறந்திருந்ததையெல்லாம் மூடினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அந்தக் கிழம் எழுந்து உட்காருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மறுபடியும் அதே ஆமை வேகம். கேபிள்காரரைப் போனில் பிடித்துக் கத்தினேன்.

"பக்கத்து வூட்ல எல்லாம் நல்லாத்தான் ஓடுதுக்கா. உங்க வூட்லதான் இன்னாவோ கீது. வயரைக் கழட்டி மாட்டிப் பாரு," என்றார்.

குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு மேசைக்கடியில் புகுந்து வயரைப் பிடுங்கினேன். விரலெல்லாம் கறுப்பு. வாசனையிலேயே தெரிந்தது, லாஞ்ச் கிரீஸ். காசிமேட்டில் மீன்பிடி லாஞ்ச் ஓட்டும் அப்பா, உப்புக் காற்று தின்றுவிடும் என்று வீட்டில் எந்தத் தாழ்ப்பாளையும் கிரீஸ் தடவாமல் விட்டதில்லை.

"நைனா, இதுல இன்னாத்துக்குத் தடவுன?"

"காத்தால பார்த்தேன், வயரு முனையில செம்பெல்லாம் பச்சை புடிக்கிறாப்புல இருந்துச்சு. மாப்ள பேசிக்கினு இருக்கசொல்ல புட்டுக்கக் கூடாதேன்னு கொஞ்சம் தூக்கலாவே தடவிட்டேன்."

வயர் முனையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "இது இன்னா உன் லாஞ்சா? பொண்ணைப் பாக்காமலே அவரு கப்பல் ஏறப் போறாரு, உன்னாலதான்."

அப்பா குழந்தையோடு சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

குழந்தையின் தொப்புளுக்கு வாங்கிய ஸ்பிரிட் மிச்சம் இருந்தது. பஞ்சில் நனைத்து வயரின் முனையையும் அது செருகும் பொந்தையும் துடைத்தேன். கறுப்பு வந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. முனை காய வாயால் ஊதினேன். செருகினேன். பொந்தின் ஓரத்தில் அதுவரை விட்டுவிட்டு எரிந்த பச்சை விளக்கு நிலைத்து எரிந்தது.

அப்பாவிடமிருந்து மகளைப் பிடுங்காத குறையாக வாங்கி, அவள் முகத்தைக் கேமரா பக்கம் திருப்பினேன்.

திரையில் அவர் முழுதாகத் தெரிந்தார். தாடி வைத்திருந்தார். வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடியும் உறைந்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகு கண்ணைத் துடைத்தார்.

"கன்னத்துல எவ்ளோ பெரிய பொட்டு. யார் வெச்சது?"

குனிந்து பார்த்தேன். என் விரலின் கிரீஸ் மகளின் கன்னத்தில் அப்பியிருந்தது. அப்பா இன்னும் சுவரோரம்தான் நின்றிருந்தார்.

"எங்க நைனாதான் வெச்சாரு," என்றேன். "கண்ணு படக்கூடாதுன்னு."