கொக்கி காலி இருக்கா?

மூன்று வருஷத்துக்கு முந்தைய பங்குனி மாதம் அது. தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் ஒரு சின்னப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். இருந்தோம் என்று சொன்னாலும் பெரும்பாலும் நானும் என் எட்டு மாதக் கைக்குழந்தையும்தான். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் மகாராஷ்டிரா, குஜராத் என்று போய்விடுவார். எங்களுடையது காதல் திருமணம். இரண்டு வீட்டிலும் எங்களைத் தலைமுழுகிவிட்டார்கள். பிரசவத்துக்குக்கூட ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

கையில் குழந்தை இருக்கும்போது என்ன தனிமை என்று கேட்பீர்கள். பேசத் தெரியாத குழந்தையிடம் நாள் முழுக்க நாமே கேள்வி கேட்டு, நாமே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் தெரியும். கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம் ஊர் நிலவரமெல்லாம் விசாரித்து, அவர் வண்டியைக் கிளப்ப முடியாமல் நெளிந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பிரசவ லீவு முடிந்து, கெஞ்சி வாங்கிய லீவும் முடிந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். லாரி வருமானத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. வேலைக்குப் போக வேண்டுமென்றால் குழந்தையை எங்கேயாவது விட வேண்டும். விட எனக்கு ஒரு மனுஷியும் இல்லை.

முறையாக அனுமதி வாங்கி நடந்த குழந்தைகள் காப்பகம் எங்கள் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு முஸ்லிம் பெண்மணி தன் வீட்டு முன்னறையில் அதை நடத்தினார். ஊருக்கே அவர் பாயம்மா. நாங்கள் பாய் என்று கூப்பிடும் அவருடைய கணவர் அடுத்த அறையில் டெய்லர் கடை வைத்திருந்தார். தக்காளி மார்க்கெட்டில் பழம் பொறுக்கிப் பிரிக்கிற பெண்கள் விடியலிலேயே வேலைக்குப் போவார்கள் என்பதால் காப்பகமும் விடியலிலேயே திறந்துவிடும்.

உள்ளே கூரையில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தூளி. அந்தத் தூளி, அந்தந்தக் குழந்தையின் அம்மா கட்டிய பழைய சேலையாகத்தான் இருக்க வேண்டும். அம்மாவின் வாசனை இருந்தால்தான் குழந்தை தூங்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அதனால் இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். "கொக்கி காலி இருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

நானும் கேட்டேன். இல்லை என்றார்.

"ஒரு புள்ளதானேங்க. ஓரமாக் கெடக்கும்" என்று கெஞ்சினேன்.

"உன் புள்ளயும் ஓரமாக் கெடக்கும், அடுத்தவ புள்ளயும் ஓரமாக் கெடக்கும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? இத்தன புள்ளைங்கதான்னு லைசென்ஸ் குடுத்திருக்காங்க. அதுக்கு மேல சேத்தா, புள்ளைங்கள பாத்துக்கறேன்னு அர்த்தமில்ல, அடச்சு வெச்சிருக்கேன்னு அர்த்தம்."

ஈவு இரக்கமில்லாத பொம்பளை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். என்னைப் போலத் திட்டிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். மார்க்கெட்டில் சில பெண்கள் காலித் தக்காளிக் கிரேட்டில் சாக்கை விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு, பக்கத்திலேயே பழம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் பாயம்மா சும்மா இருக்கவில்லை. டெய்லர் கடை அறையையும் காப்பகத்தோடு சேர்க்க அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருந்தார். அவசரத்துக்குக் குழந்தைகளை வெளியே தூக்கிப் போகச் சந்துப் பக்கம் இன்னொரு கதவு வேண்டும் என்று சொன்னார்களாம். உடனே சுவரை இடிக்க ஆரம்பித்துவிட்டார். பாயின் தையல் மிஷின் வாசலுக்கு வந்துவிட்டது. வெயில் முகத்தில் அடிக்க அவர் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் பரிதாபப்பட்டேன்.

"அவுரு மிஷினு எங்க போட்டாலும் ஓடும்" என்றார் பாயம்மா. "புள்ளைங்கள வாசல்ல போட முடியுமா?"

தினமும் சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்து வழியாகப் போவேன். சுவர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அப்போது எனக்கு ஒரே பொழுதுபோக்கு. கதவு வைத்தார்கள், வெள்ளையடித்தார்கள். ஒருநாள் அதிகாரி வந்து தரையை டேப் வைத்து அளந்தார். வெளியே நின்ற அம்மாக்கள் எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனை கொக்கி புதிதாக வரும் என்பதுதான் எங்கள் கவலை.

அனுமதி வந்த அன்று பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுகிற மாதிரி ஆளாளுக்குச் சேலையோடு ஓடி வந்தார்கள். நான் போவதற்குள் ஒரே ஒரு கொக்கிதான் மிச்சம். என் கையில் சேலை இல்லை. பாயம்மா சட்டென்று பாயின் கழுத்தில் கிடந்த அளவு டேப்பை உருவி, அந்தக் கொக்கியில் மாட்டினார்.

"இது இந்த நர்ஸம்மா இடம். போயி ஒரு பழைய சேல கொண்டாம்மா, ஓடு" என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். பீரோவைத் திறந்த பிறகுதான் உறைத்தது. என்னிடம் பழைய சேலை கிடையாது. கட்டிய துணியோடு வீட்டைவிட்டு வந்தவள் நான். அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் சுடிதார்தான். பழைய சேலை என்பது கடையில் கிடைக்கிற பொருளா? அது அம்மா வீட்டிலிருந்து வருவது, மூட்டையாகக் கட்டிக் கொடுப்பார்கள். என்னிடம் இருந்த ஒரே சேலை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு. அதைத்தான் எடுத்துக்கொண்டு போய்க் கட்டினேன்.

இடம் கிடைத்துவிட்டது, வேலைக்கும் போனேன். ஆனால் என் மகள் தூங்கவில்லை. பட்டு வழுக்கியது, ஜரிகை கன்னத்தில் உறுத்தியது. ஒருநாள் கட்டி இரண்டு வருஷம் பீரோவில் கிடந்த சேலையில் அந்துருண்டை வாசனைதான் இருந்தது, என் வாசனை ஏது? அவள் வீறிட்டு அழுவாள். கூடவே மற்ற குழந்தைகளும் எழுந்துவிடும். இரண்டு நாள் பொறுத்த பாயம்மா மூன்றாம் நாள் சங்கடத்தோடு சொன்னார். "இந்த வாரம் பாப்போம்மா. பழகலன்னா, வெளிய காத்துக் கெடக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

மறுநாள் சாயங்காலம் டூட்டி முடிந்து போனபோது, என் மகள் யாரோ ஒரு பெண்ணின் தோளில் துவண்டு கிடந்தாள். அடுத்த கொக்கியில் தூளி கட்டியிருந்த அம்மா அவர். தக்காளி பிரிக்கிறவர். எல்லைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். மத்தியானமே வேலை முடிந்து குழந்தையைக் கூட்டிப் போய்விடுகிறவர், என் மகள் அழுவதைப் பார்த்து, தன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

"அம்மா வூட்டுச் சேல ஒண்ணும் இல்லயா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"அம்மா இல்லயா?"

"இருக்காங்க."

அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அளபேட, அளபேட" என்றார். அழாதே என்பதைத்தான் அவர் பாஷையில் சொன்னார். பிறகு எழுந்து போய்த் தன் குழந்தையின் தூளியை அவிழ்த்தார். பச்சையில் கட்டம் போட்ட நூல் சேலை, துவைத்துத் துவைத்து வெளுத்துப்போனது. நடுவில் ஓரத்தைப் பல்லால் கடித்து, சர்ரென்று இரண்டாகக் கிழித்தார்.

"ரெண்டு நாளு நீ இதப் போத்திக்கிட்டுப் படு. உன் வேர்வ படட்டும். தொவைக்காத" என்று ஒரு பாதியை என் கையில் திணித்தார்.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சுருக்கென்றது. அடுத்தவர் பழந்துணியை வாங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று நினைத்தேன். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அவர் சொன்ன மாதிரியே அதைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். அதில் சோப்பு வாசனையும் தக்காளிச் செடியின் பச்சை வாசனையும் இருந்தன. வீட்டைவிட்டு வந்த பிறகு அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதில்லை.

அந்தச் சேலையைக் கொக்கியில் கட்டிய அன்று, மத்தியானம் மருத்துவமனையிலிருந்து பாயம்மாவுக்குப் போன் செய்தேன். "தூங்குதும்மா. சத்தம் போடாத, வையி" என்றார்.

சேலையைக் கிழித்துக் கொடுத்த அந்த அம்மாவுக்கு ஒரு புதுச் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சம்பள நாளுக்காகக் காத்திருந்தேன். எடுத்துக்கொண்டு போன அன்று பக்கத்துக் கொக்கியில் வேறு சேலை தொங்கியது. தக்காளி விலை விழுந்துவிட்டது, வேலை தேடிக் கர்நாடகா பக்கம் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்றார் பாயம்மா. எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. அங்கே எல்லோருமே குழந்தையின் பெயரைச் சொல்லி இன்னாரின் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அந்த அம்மாவின் சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பாயம்மா இன்னும் ஓர் அறை சேர்க்க எழுதிப் போட்டிருக்கிறார். பாயின் மிஷின் இன்னும் வாசலில்தான் ஓடுகிறது. என் அம்மாவிடமிருந்து இதுவரை ஒரு போன்கூட வரவில்லை. தாய்வீட்டுச் சீராக என்ன கொண்டுவந்தாய் என்று யாராவது பேச்சுவாக்கில் கேட்டால் முன்பெல்லாம் சுள்ளென்று கோபம் வரும். இப்போது வருவதில்லை, ஓரம் பிரிந்த அந்தப் பாதிச் சேலை என் பீரோவில் இருக்கிறது, மறுபாதி எந்த ஊர்க் கொக்கியில் தொங்குகிறதோ என்ற ஏக்கம் மட்டும்தான் வருகிறது.