சிவப்பு லேசரும் திருவொற்றியூர்க் காற்றும்

திருவொற்றியூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சில்வியா லேசர் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். வாய்ப்புற்றுக்கு, ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்து கொடுத்து, அந்த இடத்தில் சிவப்பு ஒளி பாய்ச்சும் கருவி. அதன் உயிர் கல்லுப்பைவிடச் சிறிய ஒரு சிப்பில் இருந்தது. சிவப்பு லேசருக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது. ஒளி கூடட்டும் என்று கரண்டை ஏற்றினால் மங்கும். இன்னும் ஏற்றினால் ஒளி வெளியேறும் முனை கருகிப்போகும்.

ஒளி ஒரே புள்ளியில் குவியாமல் உள்ளேயே அகலமாகப் பரவும்படி சில்வியா வரைந்தாள். அதை வெளிநாட்டில் செய்து வாங்கி, இங்கே செப்புத் தகட்டில் பொருத்திச் சோதிப்பார்கள். மூன்றாவது வடிவம் கருகவில்லை. முதலாளி ரகுபதி எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

சில வாரங்களில் அந்தச் சிப்புகளும் ஒவ்வொன்றாக மங்கின. தன் கணக்கில்தான் பிழை என்று சில்வியா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கடைசியில், செத்த சிப்பை வெளியே ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பியபோதுதான் தெரிந்தது: முனையில் கந்தகப் படலம். காற்று திசை மாறும் நாட்களில் தெருவையே மூடும் பக்கத்து ஆலைகளின் வாடை, சோதனை அறையின் காற்று வடிகட்டியையும் மீறி உள்ளே வந்து படிந்திருந்தது.

"டிசைன்ல தப்பில்ல சில்வியா. இந்தக் காத்துல அது பொழைக்காது," என்றார் ரகுபதி. "ஓசூர்ல எடம் பாத்துட்டேன். நீயும் வந்துடு."

வீட்டில் அம்மா சிலுவையம்மாள் கட்டிலில் சாய்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பல வருஷத்து இளைப்பு.

"துக்குணூண்டு சிப்புக்கு மூச்சு முட்டுதுன்னு கம்பெனியே கெளம்புதா?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்கவே இல்லை. சில்வியா முதுகைத் தடவிவிட்டாள்.

"நீயும் வாம்மா. அங்க காத்து நல்லா கீதாம்."

"அங்க எனக்கு யாரு கீறா? உங்கப்பன், ஒன் தம்பி, ரெண்டு பேரும் காசிமேட்டு கல்லறைல கீறாங்க. நான் வர்ல. நீ போ."

அவளை அப்படி விட்டுவிட்டுப் போக சில்வியாவுக்கு மனம் வரவில்லை. கம்பெனி போயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் அம்மாவும் போய்விட்டாள். அடக்கம் முடிந்த பின் ரகுபதிக்குப் போன் செய்தாள்.

"வேற ஆள் எடுத்தாச்சும்மா," என்று தயங்கினார். "ஒன் டிசைன்தான் ஓடுது. ஒண்ணுகூட மங்கல."

இப்போது அவள் தண்டையார்பேட்டையில் ஒரு குடோனில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வையிடுகிறாள். கூட இருக்கும் ராமசெல்வி ஒருநாள் கேட்டாள்:

"முன்னாடி இன்னா வேல பாத்துகினு இருந்தக்கா?"

"லேசர்."

"மொகத்துல முடி எடுப்பாங்களே, அதா?"

சில்வியா ஆமாம் என்று தலையாட்டினாள்.