சுகந்தி எழுதி வைத்த ஊர்ப் பெயர்கள்

காலை பதினொன்று நாற்பத்திரண்டு. நேரம் சரியாகத் தெரியும். அப்போது நான் கன்ட்ரோல் ரூமில் லாக் புத்தகத்தில் பாய்லர் பிரஷரை எழுதிக்கொண்டிருந்தேன். ஆலைக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லை. கேட்டிலிருந்து இன்டர்காமில் தகவல் வந்து, ஷிஃப்ட் இன்ஜினியர் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எழுந்துருப்பா. ஒய்ஃப ஜிஎச்ல சேத்துருக்காங்களாம்."

"எப்படி சார் இருக்கா?"

அவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி போட்டார். அதிலேயே தெரிந்துவிட்டது.

சுகந்தி கடலூர் பஸ் ஸ்டாண்டில் சரிந்து விழுந்திருந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். வயது முப்பத்தொன்று. அன்று காலை சிதம்பரத்தில் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறினோம். ஆலை முன்னால் வந்துவிடும் என்பதால் நான் முதலில் இறங்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் இறங்குகிற இடத்தில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

நினைவு மலருக்காக அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி நம் அமைப்பிலிருந்து கேட்டார்கள். எழுதிவிட்டேன். இதை மலரில் போடமாட்டார்கள் என்று தெரியும். அதனால் அவளோடு வேலை செய்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நானே அனுப்புகிறேன்.

அவள் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். வழக்கில் சிக்கிய பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லங்களுக்குப் போய், சட்டம் சொன்னபடி அவர்களை நடத்துகிறார்களா என்று பார்த்து எழுதுவது. உள்ளே போனதும் அவள் ஆபீஸில் உட்காரமாட்டாள். நேராகக் கழிப்பறைக்குப் போய், உள்ளே நின்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்ப்பாள். ஒரு கண்காணிப்பாளர் வெளியே நின்று, "என்னா மேடம், வந்ததும் வராததுமா" என்று சிரித்திருக்கிறார். உள்ளேயிருந்தே இவள், "தாப்பாவே இல்ல சார். இப்ப நீங்க கதவத் தள்ளுனா எனக்கு எப்படி இருக்கும்?" என்றாளாம். அடுத்த முறை போனபோது எல்லாக் கதவிலும் புதுத் தாழ்ப்பாள் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து ஏதோ பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவளைப் போல இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டாள்.

நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். அளவு எடுப்பதுதான் என் தொழில். ஒருநாள் என் பையிலிருந்த அளவு டேப்பை எடுத்து அவள் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"அது கம்பெனிப் பொருளுடி."

"ஒங்க கம்பெனி ஒண்ணும் மூழ்கிடாது மாமா. ஒரு இல்லத்துல வெளிச் செவுரு நீளமா இருக்கு, உள்ள ரூமெல்லாம் கூட்டிப் பாத்தா கொறையுது. எனக்குக் கண்ணு தப்பா, கணக்கு தப்பான்னு பாக்கணும்."

"ரெண்டு தடவ எடு. ஒரு தடவ எடுத்தா அது அளவு இல்ல, நெனப்பு."

இரண்டு முறை எடுத்தாள். கண்ணும் தப்பில்லை, கணக்கும் தப்பில்லை. ஓர் அலமாரிக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. பதிவேட்டில் அது ஸ்டோர் ரூம். உள்ளே சாமான் எதுவும் இல்லை. ஒரு பாயும் ஒரு வாளியும் இருந்தன. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். அந்த இல்லம் எந்த ஊர் என்று இங்கே எழுதவில்லை. பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அங்கே ஒன்பது பிள்ளைகள் அவளிடம் பேசினார்கள். வாய் திறந்ததற்காகவே மறுபடி அந்த அறைக்குள் போக வேண்டி வரும் என்று பயந்தார்கள். "ஒங்க பேர நோட்டுல எழுத மாட்டேன்" என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். எழுதவும் இல்லை. பேருக்குப் பதிலாக, நாங்கள் தினமும் போய்வரும் சிதம்பரம் – கடலூர் ரோட்டில் பஸ் நிற்கும் ஊர்களை எழுதினாள். கூடத்தில் கதவுக்குப் பக்கத்துப் பாயில் படுப்பவன் சிதம்பரம். அங்கிருந்து பஸ் போகிற வரிசையில் ஒரு பாய்க்கு ஓர் ஊர். முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று ஒன்பது. நிஜப் பேர் எனக்கும் தெரியாது. சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பஸ்ஸில் இந்தப் பேச்சு வேடிக்கையாக இருக்கும். "புதுச்சத்திரத்துக்குப் பல்லு வலி மாமா, இன்னும் டாக்டர்கிட்ட காட்டல" என்பாள். "முட்லூரு நாலு நாளா அந்த ரூம்ல இருந்தானாம்" என்பாள். முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா ஒருநாள் திரும்பி, "யாரும்மா அது முட்லூர்ல? நம்ம பக்கத்து ஊராச்சே" என்று கேட்டார். சுகந்தி சற்றும் யோசிக்காமல், "என் நாத்தனார் மவன்க்கா, ரொம்பச் சேட்டை" என்றாள். அதே பஸ்ஸில் கண்டக்டர், "ஆலப்பாக்கம்லாம் எறங்கு, சீக்கிரம் எறங்கு" என்று சத்தம் போட்டபோது அவள் முகம் மாறியதையும் பார்த்தேன். அறையில் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணி, கை விரல் போதவில்லை என்று சொன்னவன் ஆலப்பாக்கம்.

அந்த வாக்கியத்தைத் திருத்தி, 'பத்து நாட்களுக்கு மேல்' என்று எழுதச் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க சொன்னத அவங்க சொன்ன மாதிரியே எழுதணும் மாமா. நாம அழகு பண்ணா அது நம்ம பேச்சு ஆயிடும்" என்றாள்.

இந்த ஏற்பாடு நான்காவதாக ஒருவருக்கும் தெரியாது. மூன்றாவது ஆள் நம் ஆய்வுக் குழுவின் தலைவர். அவள் 'சார்' என்று கூப்பிட்ட மாதிரியே நானும் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்து, கிள்ளையிலிருந்து என் அம்மா கொடுத்தனுப்பிய இறால் குழம்பை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். அன்று அவர்தான், "ஒனக்கு ஒரு காய்ச்சல் தலவலி வந்தா இத யாரும்மா படிக்கறது?" என்று கேட்டார். அவள் கை கழுவிவிட்டு வந்து, ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கதவு, ஜன்னலோடு ஒன்பது பாய்களை வரைந்து, ஊர்களை வரிசையாக எழுதி விளக்கினாள். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "என் புள்ளைங்களவிட இவமேல எனக்கு நம்பிக்க ஜாஸ்தி தம்பி" என்றார். நான் பெருமைப்பட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் வந்தார். கூட்டம் கலைந்த பிறகு என் தோளில் கை வைத்து, "அவ எழுதி வெச்ச அந்த நீல நோட்டக் குடு தம்பி. அறிக்கையில சேக்கணும். அவ கடேசி வேல வீணாப் போவக்கூடாது" என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஆலையில் ஒரு சாதாரண ரீடிங் தாளைக்கூட நகல் எடுக்காமல் கைமாற்றமாட்டேன். அன்று ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. அது என் தப்பு. அதை வேறு யார் மேலும் போடமாட்டேன்.

அறிக்கையை எனக்குக் கொண்டுவந்து காட்டியவள் அவளோடு ஆய்வுக்குப் போகும் கிறிஸ்டி. மூன்றாம் பக்கத்தில் விரல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். 'மறைந்த உறுப்பினரின் குறிப்பேட்டில் சில ஊர்களின் பெயர்கள் மட்டுமே காணப்படுவதால், புகார் கூறியவர்கள் எவர் என அறிய இயலவில்லை. பிற வசதிகள் திருப்திகரம்.' கீழே சாரின் கையெழுத்து.

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரம் நடைப்பயிற்சி முடித்துவிட்டு வந்தவரைப் பிடித்தேன்.

"சார், அந்த காலண்டர் தாளு?"

"எந்தத் தாளு தம்பி?"

"எங்க வீட்ல வெச்சு அவ வரைஞ்சு குடுத்தது."

"வயசாச்சு, ஒண்ணும் ஞாபகம் நிக்கல." துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "கேளு. இத எழுதுனா நாளைக்கி நம்மள எந்த இல்லத்துலயும் உள்ள விட மாட்டாங்க. நாம உள்ள போனாத்தான ஒரு தாப்பாவாவது மாட்ட முடியும்? அவளுக்கு நல்ல பேரு இருக்கு. அது அப்படியே இருக்கட்டுமே" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் போன நாளிலிருந்து எதுவும் வருவதில்லை. இந்த மனிதருக்காக என் மனைவி எத்தனை பேரிடம் வாதாடியிருப்பாள் என்று மட்டும் தோன்றியது. அவள் நெஞ்சுக்குள் போய் யாரோ திருடியதைப் போல இருந்தது. இறந்தவளால் மறுத்துப் பேச முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு செய்த வேலை அது.

பஸ்ஸில் திரும்பினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த ஊர்ப் பையன் சொன்னது அவள் குரலில் காதுக்குள் வந்தது. நான் படித்து மனப்பாடம் செய்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது. வீட்டுக்குப் போனதும் ஒன்பது பேர் சொன்னதையும், எந்தப் பாய்க்கு எந்த ஊர் என்ற வரிசையையும் மனுவாக எழுதினேன். ஒரே ஒரு பயம் இருந்தது. பிள்ளைகள் படுக்கும் வரிசையை மாற்றிவிட்டால் எந்த ஊர் யார் என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

இன்று காலை, இந்தப் பிள்ளைகளின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் நடுவரிடம் மனுவைக் கொடுத்தேன். அந்த அம்மா நின்றபடியே படித்தார். "கை வெரல் போதலன்னா என்ன?" என்று கேட்டார். "அவன் சொன்னதும்மா. அப்படியே எழுதியிருக்கேன்" என்றேன். மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, உதவியாளரிடம் வண்டியை எடுக்கச் சொன்னார்.

மதியம் இரண்டு மணிக்கு, நடுவரோடு இல்லத்துக்குப் போயிருந்த கிறிஸ்டியிடமிருந்து செய்தி வந்தது. 'மேடம் உள்ள போய்ட்டாங்க. நேரா கூடத்துக்கு. பாய் எல்லாம் வரிசையாவே இருக்கு.'

அதன் பிறகு சாரின் போன் நிற்கவில்லை. ஏழாவது முறை எடுத்தேன்.

"தம்பி, மனுவ வாபஸ் வாங்குன்னுகூட நான் சொல்லல. ஞாயித்துக்கெழம அவ படத்தத் தெறக்கறோம், பேச்சு எதுவும் வேணாம். மத்த எட்டு பேரு இருந்துட்டுப் போவட்டும். ஆலப்பாக்கத்த மட்டும் எடுத்துடு. ஜன்னலோரம் படுக்கறானே, அவன் கேஸு பெரிய எடத்து கேஸு. நமக்குத்தான் வம்பு."

"ஜன்னலோரம்னு நான் மனுவுல எழுதல சார். ஒங்களுக்கு ஞாபகம் இருக்கு."

"தம்பி, நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்று ஆரம்பித்தார்.

"மேடம் இன்னும் அங்கதான் இருக்காங்க. அவுங்களுக்குப் போன் பண்ணி நீங்களே சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டேன்.

நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்ட கையால் அவள் படத்துக்கு மாலை விழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. போவதும் போகாததும் உங்கள் விருப்பம். அவளுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான். ஒரு பிள்ளை சொன்னதை அவன் சொன்னபடியே வைத்திருப்பது. ஒன்பது பேருடையதும் என்னிடம் இருக்கிறது. இனி யார் கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும் அப்படியே சொல்வேன்.

இதை உங்களுக்கு அனுப்பியாகிவிட்டது. சார் மறுபடி கூப்பிடுகிறார். போனை அணைத்துவிட்டேன்.