மேடம் போய்ப் புள்ள வந்தது

திருச்செங்கோட்டில் நான் வேலை பார்க்கும் துண்டு தைக்கும் கம்பெனியில் போன மாதம் என்னை எங்கள் மிஷின் வரிசைக்கு, அதாவது லைனுக்கு, சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

ஏழு வருடம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து என்னை "ஏம்புள்ள" என்று கூப்பிட்ட செல்வியக்கா, அன்று முதல் "சரிங்க மேடம்" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று காலை அவர் தைத்த துண்டுகளில் எல்லாம் லேபிள் தலைகீழாக இருந்தது.

மேனேஜர் வந்து, "யாரு தைச்சது? பேரச் சொல்லுங்க" என்றார். செல்வியக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"லைன் என்னுதுங்க சார். நாந்தான் பார்த்திருக்கணும். மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிக் குடுத்தர்றோமுங்க" என்றேன்.

மேனேஜர் என்னை முறைத்துவிட்டுப் போனார்.

நானும் லைனில் இருந்தவர்களோடு உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். இரண்டு லேபிள்கூடப் பிரித்திருக்க மாட்டேன்.

"ஏம்புள்ள, இப்படியா பிரிக்கறது? துணியே கிழிஞ்சு போயிரும். சூப்பர்வைசர் ஆனதும் கை மறந்து போச்சா? கொண்டா இங்க!"

செல்வியக்காதான். லைன் மொத்தமும் சிரித்தது. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

பதவி உயர்வு வந்து ஒரு மாதம் ஆகிறது. இனிப்பு வாங்க இன்றைக்குத்தான் மனசு வந்தது.

யாருக்கெல்லாம் வேண்டும், சொல்லுங்கள். "மேடம்" என்று கேட்பவர்களுக்கு ஒன்று, "புள்ள" என்று கேட்பவர்களுக்கு இரண்டு.