மே முதல் தேதி அணைக்காத தீ

டீலியா அடுப்பு வாங்கக் கிளிஃப்டன் டவுனுக்குப் போனது புருஷனை வீட்டுக்குக் கூட்டி வரத்தான். கோல்மனின் நுரையீரலுக்கு இனி மருந்தில்லை என்று கால்வே ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். மிச்ச நாட்களை அவன் தன் வீட்டில், தன் நாற்காலியில் கழிக்கலாம். ஆனால் கூடவே ஆக்சிஜன் சிலிண்டரும் வரும். திறந்த கணப்பு எரியும் வீட்டுக்கு அதை அனுப்பவே மாட்டோம் என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். கதவு மூடிய அடுப்பு வேண்டும், அதிலிருந்தும் பத்தடி தள்ளித்தான் அவன் உட்கார வேண்டும். கணப்பை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. அந்த வீட்டுக்குச் சூடு, வெந்நீர், சமையல் எல்லாமே சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண்ணின் நெருப்புதான்.

எந்த அடுப்பு என்பதைக் கோல்மன் படுக்கையிலிருந்தே முடிவு செய்தான். கடைக்காரர்கள் தந்த படப் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க அவளோடு வாதாடினான். அவளுக்குப் பிடித்தது கதவு முழுக்க இரும்பானது. துடைக்கும் வேலை இல்லை.

"தீ தெரியாத அடுப்பு எதுக்குடி? அலமாரியவா வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காருவேன்?"

"கண்ணாடிய தெனம் தொடைக்கப் போறது நீயா?"

"சாகக் கெடக்கறவன்கிட்ட வேலை வாங்கப் பாக்குறா," என்றான் அடுத்த கட்டில்காரரிடம். அடுத்த கட்டில்காரர் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து மூவரையும் திட்டினாள்.

ஆக, கண்ணாடிக் கதவு. கடையில் விற்பனைக்காரன் எட்டு கிலோவாட் அடுப்பை அவள் தலையில் கட்டப் பார்த்தான். டீலியா அறையை அளந்து கொண்டுபோயிருந்தாள். அந்த அறைக்கு ஐந்து போதும். பெரியதை வாங்கினால் வெக்கை தாங்காமல் காற்றை அடைக்க வேண்டிவரும், அடைத்தால் கண்ணாடி கரிபிடித்துப் போகும் என்று அவனுக்கே பாடம் நடத்திவிட்டு, வேனில் ஏற்றவைத்தாள். அன்று அவளுக்கு இருந்த தெம்பு அப்புறம் ஒருநாளும் வரவில்லை.

பொருத்துகிற ஃபெஸ்டி அடுத்த தெருக்காரன்தான். புகைபோக்கிக்குள் இரும்புக் குழாய் இறக்க வேண்டும், அதற்கு முன் கணப்பை அணைத்துச் சாம்பலை ஒட்ட அள்ளி வெளியே கொட்ட வேண்டும். வியாழக்கிழமை காலையில் சாமான்களோடு வந்து நின்றான். அன்றே முடித்தால் வெள்ளிக்கிழமை கோல்மன் வீட்டில்.

அந்த வியாழன் மே முதல் தேதி.

அன்றைக்கு வீட்டிலிருந்து தீயும் போகக்கூடாது, சாம்பலும் போகக்கூடாது. போனால் அந்த வருஷத்து நல்லது முழுக்க அதோடு போய்விடும் என்பது அயர்லாந்துக் கிராமங்களின் பழைய நம்பிக்கை. டீலியா இதையெல்லாம் பெரிதாக நம்புகிறவள் அல்ல. புருஷன் நன்றாக இருந்திருந்தால் கிண்டலடித்துக்கொண்டே அள்ளிக் கொட்டியிருப்பாள். ஆனால் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, இன்றைக்குப் போய் விஷப்பரீட்சையா? அவளுக்குக் கை வரவில்லை.

"இன்னைக்கு வேண்டாம் ஃபெஸ்டி. தேதியப் பாத்தியா?"

ஃபெஸ்டி தலையைச் சொறிந்தான். "எனக்கும் மனசு ஒப்பல டீலியாக்கா. ஆனா நாளைலேருந்து பக்கத்து மாவட்டம் மேயோல வேலைக்கு ஒத்துக்கிட்டேன். இனி ஒம்பதாம் தேதிதான்."

எட்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தாள். கோல்மனிடம் உள்ளதைச் சொல்லப் பயந்து, ஃபெஸ்டிக்கு வேறு வேலை வந்துவிட்டது என்றாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பய என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறான், அவன் கல்யாணத்துக்கே தாமதமாகத்தானே வந்தான் என்று சிரித்தான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், ஃபெஸ்டி வரும்வரை எனக்கு இங்கேதான் சிறை என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு நின்றது. திங்களன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஃபெஸ்டி வந்துவிட்டானா என்று இரண்டு முறை கேட்டான். செவ்வாய் விடியும்போது, திரை இழுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்துப்போனான்.

புதன்கிழமை பெட்டியில் வீட்டுக்கு வந்தான். கணப்பு எரிந்துகொண்டிருந்தது. இனி அதிலிருந்து அவனை யாரும் பத்தடி தள்ளிவைக்கத் தேவையில்லை. புது அடுப்பு அட்டைப்பெட்டியோடு சுவரோரம் கிடக்க, ஊர் ஜனம் அதன்மேல் தேநீர்க் கோப்பைகளை வைத்தார்கள்.

சாவுச் செய்தி கேட்டு மேயோவிலிருந்து ஃபெஸ்டி நேராக வந்தான். அவன் உள்ளே நுழைந்ததும் கோல்மனின் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நேரத்துக்கு வந்திருந்தா மனுஷன் வீட்டுல போயிருப்பான்," என்று யாரோ சன்னமாகச் சொன்னார்கள். அது ஃபெஸ்டி காதிலும் விழுந்தது. தொப்பியைக் கையில் பிடித்தபடி சவப்பெட்டியருகே போய் மண்டியிட்டான்.

டீலியாவுக்கு அது பொறுக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"அவன் வந்தான். சொன்ன நாள்ல, சொன்ன நேரத்துக்கு வந்தான். மே ஒண்ணுன்னு நாந்தான் திருப்பி அனுப்புனேன். நாலு ராத்திரி இந்த வீட்டுல இருந்திருப்பாரு. அவருகிட்ட பொய்யும் சொன்னேன்."

ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. கொழுந்தன் வந்து தோளைத் தொட்டான். மே முதல் தேதியன்று அவன் வீட்டிலும் சாம்பல் அள்ளவில்லை, அங்கே இருந்த யார் வீட்டிலும் அள்ளவில்லை. அவள் இடத்தில் நாங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்றார்கள். ஒருவராவது திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது டீலியாவுக்கு.